கவிழ்த்த கிண்ணம்

புலி ஆண்டு, மூன்றாம் மாதம், பத்தாம் நாள்
நாகசாவா

அத்தைக்கு,

இங்கே கூரைப் பனி கரைந்து சொட்டத் தொடங்கிவிட்டது. வெந்நீர் ஊற்றுப் பக்கம் இன்னும் பனி கிடக்கிறது என்று பொதிக்குதிரைக்காரர் சொன்னார். முதுகுக்குக் கனமாக எதையாவது சுற்றிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு எழுத எனக்கு அரை நாள் பிடித்தது. இனி நேராகவே கேட்கிறேன். அகப்பை எங்கே?

இருபத்தொரு நாள் வெந்நீரில் உட்கார்ந்தால் இடுப்பு வலி போகும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். வாசல்வரை வந்து எல்லோரும் வழியனுப்பினோம். உள்ளே வந்து சோற்றுப் பானையின் மூடியைத் திறந்த பிறகுதான் அடுப்புப் பக்கத்துக் கொக்கி காலியாக இருப்பதைப் பார்த்தேன். எலி இழுத்துவிட்டதோ என்று பலகைகளை எல்லாம் தூக்கிப் பார்த்தேன். வேலைக்காரி தமே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, நான் தேடிக் களைத்த பிறகு சொல்கிறாள்: "பெரியம்மா இடுப்புல சொருகிக்கிட்டுப் போனாங்க. நான் பாத்தேனே."

அன்றிலிருந்து சாறு குடிக்கும் கிண்ணத்தால் சோறு அள்ளுகிறேன். உங்கள் மகன் வேலையாட்கள் முன்னாலேயே, "என்ன ஷினோ, சோறு போடுறியா, கிணறு வெட்டுறியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கூடை தூக்கி வரும் எந்த வியாபாரியிடமும் புது அகப்பை கிடைக்கும். அதை நான் வாங்கினால், மாமியார் உயிரோடு இருக்கும்போதே மருமகள் அடுப்பைப் பிடுங்கிவிட்டாள் என்று ஊர் பேசும். வாங்காவிட்டால், ஒன்பது வருடமாக வீட்டில் இருக்கிறாள், அகப்பையைத் தொடவிடவில்லையாம் என்று பேசும். இப்போது இரண்டையும் பேசுகிறார்கள்.

ஆண்டு முடிவுச் சாப்பாட்டன்று நீங்கள் பானை மூடியின் மேல் அகப்பையை வைத்து என் பக்கம் தள்ளி வீட்டை ஒப்படைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் எல்லோருக்கும் சோறு போட்டீர்கள், அகப்பையைக் கழுவிக் கொக்கியில் மாட்டினீர்கள், "எனக்குத் தூக்கம் வருது" என்று எழுந்து போய்விட்டீர்கள். உங்கள் அறுபத்தொன்றுக்காக நான் தைத்த சிவப்புத் தொப்பியும் சிவப்பு மேற்சட்டையும் அன்று வைத்த தட்டிலேயே இருக்கின்றன. களஞ்சியத்துக்குப் பின்னாலுள்ள ஓய்வுக் குடிலுக்குப் புதுக்கூரை வேய்ந்தாயிற்று. சாளரங்களுக்கு நானே காகிதம் ஒட்டினேன்.

ஐந்தாம் மாதம் ஆறாம் நாள் நடவு. முப்பது பேர் வருவார்கள். அன்று பானைக்குப் பக்கத்தில் அகப்பையோடு நிற்பவள்தான் இந்த வீட்டுக்காரி. சாற்றுக் கிண்ணத்தோடு நான் நிற்க முடியாது. அதற்குள் வாருங்கள். அதைக் கொண்டு வாருங்கள்.

ஷினோ


மூன்றாம் மாதம், பதினெட்டு
யுமோரி வெந்நீர் ஊற்று

மருமகளுக்கு,

அகப்பை என்னிடம்தான் இருக்கிறது. இப்போது இந்தக் கடிதத்தின் மேல் காற்றுக்குப் பாரமாக வைத்திருக்கிறேன். நல்ல மரம். பிடியில் என் கட்டை விரலுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. உன் விரலுக்கு அது பொருந்தாது.

இந்த ஊற்றுக்கு நான் வந்தபோது பதினொரு கிழவிகள் குளக்கரைக் கல்லில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு பேர் தலையிலும் சிவப்புத் தொப்பி. மழைக்கு அடுத்த நாள் மரத்தடியில் முளைக்குமே, தின்றால் சாகடிக்கும் காளான், அதுபோல. அதில் ஒருத்தி என்னிடம், "உங்களுது எங்க, வீட்ல வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றாள். "நான் இன்னும் பொறக்கல" என்றேன்.

எதற்குச் சிவப்பு என்று உனக்குத் தெரியும். அறுபது முடிந்தால் ஆண்டுச் சக்கரம் ஒரு சுற்று சுற்றிவிட்டது, அறுபத்தொன்றில் மறுபடி குழந்தை, குழந்தைக்கு உடுத்துவது சிவப்பு. குழந்தைக்கு வீடு ஆளத் தெரியாது. குழந்தைக்குச் சொந்தமாக ஒரு கருத்து கிடையாது. குழந்தைக்குச் சின்னக் கிண்ணம் போதும். நான் குழந்தைதான் என்றால் என் பிள்ளை கிஹேயை வந்து இடுப்பில் தூக்கிக்கொள்ளச் சொல். போன அறுவடையில் அவனைவிட ஒரு கட்டு அதிகமாகச் சுமந்தவள் நான். எனக்கு இரண்டு பல்தான் போயிருக்கிறது. அதில் ஒன்று அவன் குழந்தையாக இருந்தபோது தலையால் முட்டியது.

சாயங்காலம் ஒரு கதைசொல்லி வருகிறான். வயதானவர்களை முதுகில் சுமந்துபோய் மலையில் விட்டுவந்த காலத்துக் கதை. தொப்பிக்காரிகள் எல்லோரும் அழுதார்கள். நான் கேட்டேன், "ஏம்ப்பா, எதுக்கு அவ்வளவு தூரம் சுமக்கணும்? முதுகு வலிதான் மிச்சம். கையில இருக்கிற அகப்பைய வாங்கிட்டாப் போதாதா?" அவனுக்குக் கதை நின்றுபோய்விட்டது. இப்போதெல்லாம் நான் இருக்கும் பக்கம் பார்க்காமலேயே சொல்கிறான்.

சொந்தக்காரர்களைக் கூட்டியது நீதான் என்று எனக்குத் தெரியும். தொப்பி அவ்வளவு நேர்த்தியாகத் தைத்திருந்தாய். ஒரு தையல்கூடப் பிசகவில்லை. ஆசையாகத் தைத்திருக்கிறாய், என்னைக் குழந்தையாக்க.

நீ இரண்டு பெட்டி நிறையப் புத்தகத்தோடு வந்தவள். பெற்றோரைப் போற்றும் கதைகளைத் தமேக்குப் படித்துக் காட்டுவாய், நானும் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். ஒன்று சொல். அந்தப் புத்தகங்களில் எதிலாவது ஒரு கிழவி தன் அகப்பையைத் தானே வைத்திருக்கிறாளா? தேடிப் பார்த்துவிட்டு எழுது.

இருபத்தொரு நாள் நேற்றோடு முடிந்தது. இன்னொரு இருபத்தொரு நாளுக்குச் சொல்லிவிட்டேன்.

இசோ


மூன்றாம் மாதம், இருபத்தொன்பது
நாகசாவா

அத்தைக்கு,

தேடினேன். இல்லை.

அந்தப் புத்தகங்களில் கிழவிகள் நிறையப் பேர் வருகிறார்கள். ஒருத்திக்குப் பசிக்கிறது, மகன் ஊட்டுகிறான். ஒருத்திக்குக் குளிர்கிறது, மகன் போர்த்துகிறான். முடிவில் மகனைத்தான் அரசர் கூப்பிட்டுப் பாராட்டுகிறார். கிழவிக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சிறுவயதிலிருந்து படித்துவருகிறேன், நீங்கள் கேட்கும்வரை எனக்கு இது உறைக்கவில்லை. அதற்கு நன்றி.

இப்போது என் முறை.

சொந்தக்காரர்களை நான் கூட்டவில்லை. கூட்டியவர் உங்கள் கொழுந்தனார் கென்சுகே. போன இலையுதிர்காலத்தில் வந்து அடுப்பைச் சுற்றி உட்காரும் இடத்தில், வீட்டுத் தலைவருக்கான மேற்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உங்கள் மகனிடம் சொன்னார்: "அண்ணிக்கு வயசாயிடுச்சு கிஹே. நாமதான் பாத்துப் பதமா உக்கார வைக்கணும்." அவருக்கு அறுபத்தேழு. இன்னும் தன் வீட்டுச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் அலைகிறார். ஆண்பிள்ளைகளுக்கு ஆண்டுச் சக்கரம் வேறு மாதிரி சுற்றும்போல.

ஆனால் தொப்பியை நான்தான் தைத்தேன். ஆசையாகத்தான் தைத்தேன். ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அகப்பை வேண்டும்.

எனக்கு இருபத்தொன்பது வயது. ஒன்பது வருடமாக உங்கள் வீட்டில் எவ்வளவு சாப்பிடலாம் என்று நான் முடிவு செய்ததில்லை. பிரசவமாகி நான்காம் நாள் எனக்குச் சோறு நின்று கஞ்சி வந்தது. கிண்ணத்தைப் பார்த்தேன், உங்களைப் பார்த்தேன். நீங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் மகள் இன்னொரு கிண்ணம் கேட்டால் நான் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். விருந்தாளி மாதிரி உட்காருகிறேன், ஆனால் பாத்திரம் கழுவுகிறேன். நீங்கள் இல்லாத இந்த ஒரு மாதம், சாற்றுக் கிண்ணத்தால் என்றாலும், யாருக்கு எவ்வளவு என்று நான் போட்டேன். அத்தை, நான் அதை விடமாட்டேன்.

அவர்கள் என்ன முடிவு செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் மறைத்தேன் என்று ஆகக் கூடாது. நடவுக்குள் நீங்கள் வராவிட்டால், ஊர்க் குடும்பக் கணக்கு வைக்கும் கோயில் பதிவில் உங்களை ஓய்வு பெற்றவர் என்று எழுதிவிடுவார்கள். உங்கள் சம்மதம் தேவையில்லையாம். குடிலில் தனிச் சட்டி, தனி அடுப்பு. நாளுக்கு இவ்வளவு தானியம், இவ்வளவு சோயா விழுது, குளிர்காலத்துக்கு இவ்வளவு கரி என்று கென்சுகே மாமா சொல்லச் சொல்ல உங்கள் மகன் எழுதினார். எழுதும்போது இரண்டு முறை தூரிகையைக் கீழே வைத்தார். ஆனாலும் எழுதினார்.

அந்தக் குடில் ஒழுகாது. காற்று வராது. நான் பார்த்துப் பார்த்து ஒட்டியிருக்கிறேன். புலி ஆண்டில் பிறந்து யாருக்கும் பயப்படாதவர் என்று ஊரே சொல்லும் நீங்கள், எதற்காக ஒரு மரக்கட்டையை இடுப்பில் சொருகிக்கொண்டு மலை ஏறி ஓடினீர்கள்? எதற்குப் பயம்?

ஷினோ


நான்காம் மாதம், எட்டு
யுமோரி

ஷினோ,

நீ பயம் என்று எழுதியதைப் படித்துவிட்டு உன் கடிதத்தை அடுப்பில் போட எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

என் மாமியார் பெயர் தொயோ. நம் வீட்டில் அந்தப் பெயரை நீ கேட்டிருக்க மாட்டாய். நாற்பத்துநான்கு வருடத்துக்கு முன், தீக்குதிரை ஆண்டு பிறப்பதற்கு முந்தின சாயங்காலம், அவர் மூடியின் மேல் இதே அகப்பையை வைத்து என் பக்கம் தள்ளினார். எனக்குப் பதினாறு வயது. கையில் வாங்கியதும் அழுதேன், அவ்வளவு பெருமை. அவர் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு குடிலுக்குப் போனார். அவருடைய அறுபத்தொன்று அது. அப்போதெல்லாம் குடிலில் தனி அடுப்பு கிடையாது. சாப்பாட்டு நேரத்துக்கு வந்து கீழ்ப்பக்கம் உட்காருவார்.

அந்தக் கோடையில் வெயிலே வரவில்லை. கிழக்கிலிருந்து ஈரக்காற்று அடித்துக்கொண்டே இருந்தது. ஆறாம் மாதத்தில் பஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு களை எடுத்தோம். கதிர் நிமிர்ந்தே நின்றது, உள்ளே ஒன்றும் இல்லை.

பானையில் எவ்வளவு இருக்கிறது என்பது அகப்பை வைத்திருப்பவளுக்கு மட்டும்தான் தெரியும். முள்ளங்கியும் தினையும் கலந்த சோறு. வீட்டில் ஆறு பேர். என்னிடம், அவருக்குக் குறைத்துப் போடு என்று யாரும் சொல்லவில்லை. என் புருஷன் சொல்லவில்லை. மாமனார் சொல்லவில்லை. கென்சுகேவும் சொல்லவில்லை, அவனுக்கு அப்போது இருபத்துமூன்று வயது, தொயோ பெற்ற பிள்ளை. நாற்பத்துநான்கு வருடமாக யாராவது சொன்னார்களா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை.

அகப்பையை நிமிர்த்திப் பிடித்துச் சோற்றைக் கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டினாற்போல வைத்து, மேலே ஒரு அள்ளு போட்டுப் பிடியால் தட்டிவிட்டால், குவித்த கிண்ணம் மாதிரியே இருக்கும். நடுவில் பொள்ளல். எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை, கை தானாகக் கற்றுக்கொண்டது. பிறகு கஞ்சி ஆயிற்று. கஞ்சிக்கு அந்த வித்தைகூட வேண்டாம். மேலாக அள்ளினால் நீர், அடியில் அள்ளினால் பருக்கை.

சோறு இருந்த வரைக்கும் ஒரு நாள் கூட அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும் குச்சியின் நுனியால் குவியலின் உச்சியில் மெல்லக் குத்தினார். அது உள்ளே விழுந்தது. என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லையே, சீக்கிரமே கத்துக்கிட்டியே" என்றார். குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அவருக்கு அந்தக் கிண்ணம் எப்படித் தெரியும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் கையிலும் இருபத்தைந்து வருடம் இந்த அகப்பை இருந்ததே.

இரண்டாம் மாதம், பனி கரைவதற்கு முன் குடிலில் செத்துக் கிடந்தார். நாங்கள் ஐந்து பேர் பிழைத்தோம். என் வயிற்றில் மூத்தவள் இருந்தாள். அதைக் காரணமாகச் சொல்லலாம். நான் சொல்லவில்லை. பதினேழு வயதில் எப்படிக் குடும்பத்தைக் கரை சேர்த்தாள் பார் என்று ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். பெரிய மனுஷி மாதிரி தலை குனிந்து கேட்டுக்கொண்டேன்.

நீ காகிதம் ஒட்டிய குடில் அதுதான்.

குடிலுக்கு நான் பயப்படவில்லை. உனக்கும் பயப்படவில்லை. நீ நல்லவள். உன் மகளுக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன், எலும்பில்லாத துண்டாகப் பார்த்து எடுப்பாய். ஆனால் நானும் கெட்டவள் இல்லை, ஷினோ. அதுதான் எனக்குப் பயம்.

உன் பிரசவக் கஞ்சியைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த வருடம் விதைநெல்லில் பூச்சி. நான் யாருக்கும் சொல்லவில்லை. யாருக்குக் குறைப்பது என்று பார்த்தேன். கை பழகிய பக்கம் போயிற்று.

அகப்பையைத் தரமாட்டேன். பதிவில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

இசோ


நான்காம் மாதம், பதினேழு
நாகசாவா

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் களஞ்சியத்தில் தனியாக உட்கார்ந்து படித்தேன். யாரிடமும் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

ஆனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தேன். திட்டுவதானால் திட்டுங்கள்.

நீங்கள் எழுதியபடி என் கையாலும் வருகிறதா என்று பார்த்தேன். சாற்றுக் கிண்ணத்தால் வரவில்லை. தமேயின் மாவுத் துடுப்பால் முயன்றேன். ஐந்தாவது முறை வந்துவிட்டது. அவ்வளவு சுலபம் என்று நான் நினைக்கவில்லை. குவிந்த, அழகான, ஆவி பறக்கிற கிண்ணம். உங்கள் மகனுக்கு அதைத்தான் வைத்தேன். கொஞ்ச நேரத்திலேயே, "இன்னிக்கு என்னமோ சீக்கிரம் தீந்துபோச்சு" என்று சொல்லிக் காலிக் கிண்ணத்தை நீட்டினார். அவருக்குத் தெரியவில்லை. அவருக்கு யாரும் அப்படி வைத்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் பதிவுப் பேச்சுக்காகக் கென்சுகே மாமா வந்தார். இன்னும் நான்கு உறவினர்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் சோறு போட்டேன். அவருக்கு அந்தக் கிண்ணத்தை வைத்தேன்.

அவர் சாப்பிடவே இல்லை, அத்தை. கையில் எடுத்தார். கனத்தைப் பார்த்தார். குச்சியின் நுனியால் உச்சியில் மெல்லக் குத்தினார், நீங்கள் எழுதியபடியே. அது விழுந்தது. அவர் முகம் சாம்பலாகிவிட்டது.

"யாரு... யாரு உனக்கு இதச் சொல்லிக் குடுத்தது?"

"எது மாமா?"

"இது!"

"சோறுதானே மாமா. வயசானவங்களுக்கு அளவாப் போடணும்னு நீங்கதானே எழுத வச்சீங்க. உங்களுக்கும் அறுபத்தேழு ஆவுதே."

உங்கள் மகன், "ஷினோ!" என்று கத்தினார். நான் எழுந்துபோய்ப் பானையிலிருந்து இன்னொரு கிண்ணம் நிறைய, கெட்டியாக அடைத்துக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். "இது கனமா இருக்கா, பாத்துச் சொல்லுங்க" என்றேன். அவர் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மற்ற நால்வரில் இருவர் எங்களை ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். மற்ற இருவர் தங்கள் கிண்ணத்தைப் பார்த்தார்கள். அந்த இருவரும் வயதானவர்கள்.

அன்றிலிருந்து உங்கள் மகன் என்னிடம் பேசவில்லை. நேற்று மட்டும் வந்து, "அம்மா உனக்கு என்ன எழுதினாங்க?" என்றார். "நீங்களே கேளுங்க, உங்க அம்மாதானே" என்றேன். உங்களுக்கு இவ்வளவு என்று தான் எழுதிய அந்த அளவுத் தாளை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். கிழிக்கவில்லை. நானும் கிழிக்கவில்லை. அதைக் குடில் சாளரத்தில் ஒரு கிழிசலுக்கு ஒட்டிவிட்டேன், எழுத்து வெளியே தெரிகிற மாதிரி. போகிறவர் வருகிறவர் எல்லோரும் படிக்கட்டும்.

இவ்வளவும் செய்துவிட்டு இதையும் சொல்கிறேன். எனக்கு இன்னும் அகப்பை வேண்டும். உங்கள் மேல் இரக்கப்பட்டு அதை விட்டுக்கொடுத்தால், இன்னொரு முப்பது வருடம் கழித்து நானும் ஏதாவது மலைக்கு ஓடவேண்டி வரும். எனக்கு அது வேண்டாம். நல்லவள் என்ற பேரும் வேண்டாம். அதனால் யாருக்கும் வயிறு நிறையாது என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். என்ன செய்தால் நீங்கள் என் கையை நம்புவீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

ஷினோ


நான்காம் மாதம், இருபத்தைந்து
யுமோரி

ஷினோ,

கென்சுகே செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனதைப் பலமுறை படித்தேன். குளக்கரையில் தொப்பிக்காரிகளுக்கும் படித்துக் காட்டினேன், பெயரை மாற்றித்தான். ஒருத்தி சிரித்துச் சிரித்து வழுக்கித் தண்ணீரில் விழுந்துவிட்டாள். இன்னொருத்தி சிரிக்கவில்லை. ராத்திரி என் பாயருகே வந்து, "அந்தக் கிண்ணம் எனக்கும் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

என்ன செய்தால் நம்புவேன் என்று கேட்கிறாய். எதுவும் செய்ய வேண்டாம். நான் நம்பவே மாட்டேன். என் கையையே நான் நம்பியதில்லை, உன் கையை எப்படி நம்புவது?

ஆனால் ஒன்று உண்டு. குவித்த கிண்ணத்தைக் கவிழ்த்தால் தெரிந்துவிடும். உள்ளே சோறு இருந்தால் மேடாக நிற்கும். பொள்ளல் என்றால் சரிந்து விழும். தொயோ அன்று அதைக் கவிழ்த்திருக்கலாம். எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவர் மரியாதை பார்த்தார்.

நான் பார்க்கப்போவதில்லை.

அகப்பையைப் பொதிக்குதிரைக்காரரிடம் இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். இது கொடுத்ததாக அர்த்தமில்லை. நடவுக்கு நீ பானையருகே வெறுங்கையோடு நிற்கக் கூடாது, அவ்வளவுதான். நடவுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் நடந்தே வருவேன், கிஹே குதிரை அனுப்ப வேண்டாம். நடவன்று முப்பது பேர் முன்னால் நீ எனக்குச் சோறு போடு. நான் கிண்ணத்தைப் பானை மூடியின் மேல் கவிழ்ப்பேன். மேடாக நின்றால் மூடியை உன் பக்கம் நானே தள்ளுவேன். சரிந்தால் அகப்பையைப் பிடுங்கிக்கொண்டு இங்கேயே திரும்பி வருவேன், ஏன் வருகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவேன்.

தொப்பியை எடுத்து வை. சூடான பானையை இறக்கத் துணி வேண்டும்.

இசோ


நான்காம் மாதம், இருபத்தொன்பது
நாகசாவா

அத்தைக்கு,

அகப்பை வந்தது. பள்ளம் என் விரலுக்குப் பொருந்தவில்லைதான். பழகிக்கொள்வேன்.

வாருங்கள். கவிழ்த்துப் பாருங்கள். உங்களுடையதை மட்டும் கவிழ்த்தால் மருமகளைச் சந்தேகப்படும் கிழவி என்று ஆகிவிடும். அதனால் வேலையாட்களிடம் சொல்லிவிட்டேன், இந்த வருடம் நம் வீட்டு நடவில் எல்லோரும் முதல் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும், வீட்டுக்காரர் உட்பட. ஏதோ புது வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

கென்சுகே மாமாவுக்கும் சொல்லி அனுப்பினேன். அவருக்கு இடுப்பு வலியாம்.

ஷினோ


ஆறாம் மாதம், மூன்று
நாகசாவா, பின்கட்டுக் குடில்

ஷினோ,

முப்பது அடி தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று தமே சிரிக்கிறாள். சிரிக்கட்டும். உன்னிடம் நேரில் பேசினால் நாம் இருவரும் மரியாதையாகப் பேசிவிடுகிறோம். எழுதினால்தான் உண்மை வருகிறது.

குடிலில் நான் இருப்பது என் இஷ்டம். இங்கே அமைதி இருக்கிறது, கிஹேயின் குறட்டை கேட்பதில்லை. சாளரத்தில் நீ ஒட்டிய அளவுத் தாளைத் தினமும் படிக்கிறேன். கரி குறைவாகத்தான் எழுதியிருக்கிறான்.

நடவன்று என் கிண்ணத்தைத் தூக்கியதும் அந்தச் சோறு அசையாமல் நின்றதே, அப்போது உன் முகத்தை நான் பார்க்கவில்லை என்று நினைத்தாயா? பார்த்தேன். உனக்கும் சந்தேகம் இருந்தது. உன் கைமேல் உனக்கே. அதைப் பார்த்த பிறகுதான் மூடியைத் தள்ளினேன்.

ஆனால் இப்போது சில நாளாக என் கிண்ணம் கனத்துக்கொண்டே போகிறது. அது எனக்கு வேண்டாம். எல்லோருக்கும் உள்ள அளவு போதும். நடவிலிருந்து தினமும் கவிழ்த்து வந்தோம், நேற்றும் முந்தாநாளும் அதுவும் இல்லை. நான் கையில் எடுத்தேன், நீ, "வேண்டாம் அத்தை, ஆறிடும்" என்றாய். நானும் விட்டுவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

வெளியே வந்து நின்று பார். ஆறாம் மாதம். நான் பஞ்சுச் சட்டை போட்டிருக்கிறேன். ஐந்து நாளாகக் காற்று கிழக்கிலிருந்து வருகிறது. வெறும் காற்றாகவும் இருக்கலாம், ஆனால் இந்த மணம் எனக்குத் தெரியும். அறுவடைக்குப் பிறகு கஞ்சி ஆகிவிட்டால் கவிழ்த்துப் பார்க்க முடியாது. ஆகவே இன்றைக்கே பழகிக்கொள்வோம். எல்லோருக்கும் நீ போடு, அகப்பை உன்னுடையது. என் கிண்ணத்துக்கும் நீ போடு. கடைசியில் உன் கிண்ணத்துக்கு மட்டும் அகப்பையை என் கையில் கொடு. நான் அடியிலிருந்து அள்ளுவேனா மேலாக அள்ளுவேனா என்று நீ பார்த்துக்கொண்டே இரு. உன்னை நானும் பார்த்துக்கொண்டே இருப்பேன். கிஹே கேட்டால், இந்த வீட்டு வழக்கம் என்று சொல். இன்று தொடங்கியது என்று சொல்லாதே.

என்மேல் பிரியம் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் இதை விட்டுவிடாதே. தொயோ அத்தை மேல் எனக்கும் பிரியம் இருந்தது.

இசோ